கோடரியின் உயிர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரிஸ்டாட்டில் பற்றிய கட்டுரையில் 'ஆன்மா உடலின் வடிவம்' என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் உடல் அழிந்ததும் அதுவும் அழிய வேண்டும். ஆனால் அறிவு அழியாதது என்று அவரே சொல்வதாக அடுத்த பத்தியில் வருகிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ம.

அன்புள்ள ம.,

குழப்பத்தில் பாதி என்னால் வந்தது. 'ஆன்மா' என்றதுமே உடலைவிட்டுக் கிளம்பிப் போகும் ஏதோ ஒன்று நம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அரிஸ்டாட்டில் சொல்வதோ செடிக்கும் மீனுக்கும்கூட உண்டு. 'உயிர்' என்றே எழுதியிருக்கலாம். வடிவம் என்பதையும் வெளித்தோற்றமாகக் கொள்ள வேண்டாம். அவர் தரும் உதாரணம் கோடரி. அது உயிருள்ள உடலாக இருந்தால், கோடரியாக இருக்கும் தன்மைதான் அதன் உயிர். கண் ஒரு விலங்காக இருந்தால் பார்வைதான் அதன் உயிர். பார்வை போனபின் மிஞ்சுவது கற்சிலையின் கண்போலப் பெயருக்குத்தான் கண். கோடரியை உருக்கிவிட்டு அதன் வெட்டும் திறன் எங்கே போயிற்று என்று யார் தேடுவார்கள்?

நம் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் இதற்கு நல்ல உவமை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பொருந்தவில்லை. மெய்க்குத்தான் உயிர் வேண்டும், 'அ' தனியாகவே ஒலிக்கும். உடலின்றியும் உயிர் தனியே நிற்கும் என்பது அரிஸ்டாட்டிலின் ஆசிரியர் பிளேட்டோவின் கட்சி, பின்னாளில் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட்டின் கட்சி. மனம் வேறு பொருள், உடல் வேறு பொருள் என்றார் டெகார்ட். இடமே அடைக்காத மனம் உடலை எப்படி அசைக்கும் என்று 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் கடிதத்தில் கேட்டார். வந்த பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை, எனக்கும்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூசும் ஒளியைப் பார்த்தபின் கண் சற்று நேரம் மங்கிப்போகிறது. கடினமான ஒன்றை யோசித்தபின் எளியதை யோசிக்க அறிவு தடுமாறுவதில்லை. ஆகவே அறிவுக்கு உடலில் உறுப்பு இல்லை என்கிறார் அரிஸ்டாட்டில். அங்கிருந்துதான் சில வரிகளில், செயலறிவு (சிந்தனையை நிகழச் செய்யும் அறிவின் பகுதி) மட்டும் உடலிலிருந்து பிரிந்து நிற்பது, அழியாதது என்று போய்விடுகிறார். அது ஆளுக்கொன்றா, எல்லாருக்கும் ஒன்றா என்று சொல்லவில்லை. மனிதர் எல்லாருக்கும் அறிவு ஒன்றே என்றார் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய 12ஆம் நூற்றாண்டு இஸ்லாமியத் தத்துவஞானி இப்னு ருஷ்து. அப்படியானால் 'இந்த மனிதன் சிந்திக்கிறான்' என்று எப்படிச் சொல்வது என்று 1270இல் கிறிஸ்தவ இறையியலாளர் அக்வினாஸ் மறுத்து எழுதினார்.

பொருந்துகிறது என்று நான் வாதாட மாட்டேன். தையல் விட்ட இடம் அது. ஒன்று மட்டும்: அழியாத அந்தப் பகுதிக்கு நினைவு கிடையாது என்றும் அதே வரிகளில் சொல்கிறார். எஞ்சுவது எதுவானாலும், இந்தக் கடிதம் எழுதியது அதற்கு நினைவிருக்காது.

அன்புடன்,
க.