வாசகர் கேள்வி–பதில்: நிறுத்திய இதயம் கெடாமல் இருப்பது எப்படி?

கே: அப்பாவுக்கு அடுத்த வாரம் பைபாஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் இதயத்தை நிறுத்திவைப்போம் என்கிறார் டாக்டர். ரத்தம் போகாவிட்டால் மாரடைப்பில் தசை செத்துப்போவது போல இதிலும் ஆகாதா?
– வாசகி, திருச்சி

ப: மாரடைப்பில் தசை வேலை செய்துகொண்டே பட்டினி கிடக்கிறது. அறுவையில் முதலில் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் இறைத்துக்கொண்டிருக்கும்போது 100 கிராம் இதயத் தசைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மி.லி. ஆக்சிஜன் வேண்டும். துடிப்பை நிறுத்தினால் 37 டிகிரியிலேயே அது சுமார் 1 மி.லி. ஆகிவிடும். 22 டிகிரிக்குக் குளிர்வித்தால் 0.3 மி.லி. போதும். பெரிய மிச்சம் துடிப்பை நிறுத்துவதில்தான், குளிர் அதற்கு அடுத்தபடி.

ஹார்ட்–லங் மெஷின் உடலுக்கு ரத்தம் ஓட்டத் தொடங்கிய பின் பெருந்தமனியை இறுக்கி அடைக்கக் கிளாம்ப் போடுவார்கள். கிளாம்புக்கும் இதயத்துக்கும் நடுவே குத்திய குழாய் வழியாகப் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசல் போகும். இதுதான் கார்டியோபிளீஜியா. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடினால் சோடியம் வாசல்கள் மூடியே கிடக்கும், அடுத்த துடிப்பு எழாது. இசிஜி அலைகள் அகன்று, தட்டையாகி, நேர்கோடாகும். தொட்டால் தசை துவண்டு கிடக்கும். கரைசல் போய்க்கொண்டே இருந்தும் கோட்டில் நெளிவு நிற்கவில்லை என்றால் கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லையா, வால்வு கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பொட்டாசியத்தை அள்ளிப் போடவும் கூடாது. லண்டனில் டாக்டர் மெல்ரோஸ் 1955-இல் பொட்டாசியம் சிட்ரேட் கொண்டு இதயத்தை நிறுத்திக் காட்டினார். செறிவு மிகுந்ததால் தசை பழுதானது, அந்த முறையையே பல ஆண்டுகள் கைவிட்டார்கள். எழுபதுகளில் வந்த செயின்ட் தாமஸ் என்ற கார்டியோபிளீஜியா கரைசலில் பொட்டாசியம் லிட்டருக்கு 16 மில்லிமோல்தான்.

கிளாம்பை எடுத்ததும் ரத்தம் பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். பெரும்பாலும் இதயம் தானாகவே துடிக்கும். சிலருக்குத் தாறுமாறான நடுக்கம் வரும். தசைமேல் நேரடியாகக் கொடுக்கும் 10–20 ஜூல் ஷாக்கில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கே: அயோர்ட்டிக் வால்வு (பெருந்தமனி வால்வு) கசிந்தால் கரைசலை வேறு வழியில் கொடுப்பது ஏன்?
– பெர்ஃபியூஷன் மாணவர், கோவை

ப: பெருந்தமனி வேரில் கொடுத்தால் அது கரோனரிக்குள் (இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனிகளுக்குள்) போகாமல் கசியும் வால்வு வழியாக இடது கீழறையில் இறங்கும். அறை ஊதி, சுவரின் உட்பக்கத் தசை நசுங்கும். வேரில் 60–80 மி.மீ. அழுத்தம் ஏறவே ஏறாது. அதனால் பெருந்தமனியைத் திறந்து இரண்டு கரோனரி வாய்களிலும் நேரடியாகக் கொடுக்கிறார்கள். அல்லது பலூன் குழாயைக் கரோனரி சைனஸில் (இதயத் தசையின் சிரைகள் வந்து சேரும் பெரிய சிரையில்) வைத்துப் பின்பக்கமாக ஓட்டுகிறார்கள். இங்கே அழுத்தம் 40 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. சைனஸ் சுவர் மெல்லியது, கிழிந்தால் தைப்பது பெரும்பாடு. ஓட்டம் இருந்தும் அழுத்தமே ஏறவில்லை என்றால் குழாய் வலது மேலறைக்கு நழுவி, கரைசல் அங்கே கொட்டிக்கொண்டிருக்கலாம்.

பின்வழியை மட்டும் நம்பாதீர்கள். வலது கீழறையின் பல சிரைகள் சைனஸுக்கு வராமல் நேராக அறைகளுக்குள் திறக்கின்றன, அந்தத் தசைக்குப் போதிய பாதுகாப்புக் கிடைக்காது. இரு வழியும் சேர்ந்தால் நல்லது. லைனில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள். மல்லாந்து படுத்தவரில் வலது கரோனரியின் வாய் மேல்பக்கம் இருப்பதால் குமிழி முதலில் அங்கேதான் போகும்.

கே: டெல் நிடோ கரைசல் ஒரு முறை கொடுத்தால் போதுமாமே?
– வாசகர், வேலூர்

ப: பிட்ஸ்பர்கில் குழந்தைகளுக்காக உருவான கரைசல் அது. பொட்டாசியத்தோடு லிடோகெயின், மக்னீசியம், மேனிட்டால் உண்டு. 4 பங்கு கரைசலுக்கு 1 பங்கு ரத்தம். வழக்கமான ரத்தக் கார்டியோபிளீஜியாவில் நேர்மாறாக, 4 பங்கு ரத்தம், 1 பங்கு கரைசல். இந்த விகிதத்தை மாற்றிப்போட்டுவிடக் கூடாது. வழக்கமானதை 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். டெல் நிடோவில் கிலோவுக்கு 20 மி.லி., அதிகபட்சம் 1 லிட்டர் கொடுத்தால் சுமார் 90 நிமிடம் தாங்கும். ஆனால் தடித்த இதயத்திலும் கரோனரி அடைத்த இதயத்திலும் கரைசல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதே முதல் கேள்வி. பைபாஸில், அடைப்பைத் தாண்டி மாற்றுவழியாகத் தைத்து முடித்த கால் சிரை வழியாகவும் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

கே: இதயத்தின் மேல் ஐஸ் கொட்டுவார்களா?
– வாசகி, நாகர்கோவில்

ப: சிலர் உப்புநீர் ஐஸ் கூழ் போடுவார்கள். கட்டியாகப் போட்டால் பக்கத்தில் ஓடும் ஃபிரெனிக் நரம்பு குளிரில் மரத்து, மூச்சுக்கு முக்கியத் தசையான உதரவிதானம் அசையாமல் போகும். வென்டிலேட்டரை எடுக்க நாள் கூடும்.