நூல் வளையல் விற்கிறது, காசு மட்டும் கையில் நிற்கவில்லையே!

கைத்தொழில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பொழுதுபோக்காகப் பட்டு நூல் வளையல் செய்ய ஆரம்பித்தேன். ஆறு வளையல் கொண்ட செட் 250 ரூபாய்க்கு நன்றாகவே போகிறது. ஆனால் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. இப்போது ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் 30 சதவீதக் கமிஷனுக்கு வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இந்த விலைக்குக் கொடுத்தால் கையைக் கடிக்கும். முதலில் ஒரு செட்டின் அடக்க விலையை எழுதிப் பாருங்கள். உங்கள் ஊர் விலை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். கணக்குப் போடும் முறை இதுதான். வெற்று வளையல் ஆறு 40, நூல் 15, குந்தன் கல்லும் பால் செயினும் (சிறு மணிகள் கோத்தது போன்ற சங்கிலி) 60, பசை 10, பெட்டி, கவர், லேபிள் 25. ஆக 150 ரூபாய். நூல் அறுவது, கல் உதிர்வது போன்ற சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 165. மீதி 85 ரூபாய்தான் உங்கள் கூலி. ஒரு செட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்றால் மணிக்கு 30 ரூபாய்கூடத் தேறவில்லை. காசு போகும் ஓட்டை இதுதான்.

கூலியை மணிக்கு 60 ரூபாய் என்றாவது வையுங்கள்: 165 + 180 = 345. அதன் மேல் 20 சதவீதம் லாபம் வைத்தால் 414. (420 என்று ரவுண்டாக்க வேண்டாம், வாங்குபவர் சிரிப்பார். 425 போடுங்கள்.)

கடைக்குக் கொடுக்கும்போது பலர் 414-உடன் 30 சதவீதத்தைக் கூட்டி 538 என்று விலை வைக்கிறார்கள். கடைக்காரர் 538-இல் 30 சதவீதம் கழித்துக்கொண்டால் கைக்கு வருவது 377தான். 414-ஐ 0.7 ஆல் வகுக்க வேண்டும். 590 ரூபாய்க்கு மேல் வரும். அந்த விலைக்கு அந்தக் கடையில் போகாது என்று தோன்றினால் கடையை விடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

நேரத்தைக் குறைக்க வழி உண்டு. ஒரே நிறத்தில் நான்கைந்து செட்டுக்கு மொத்தமாக நூல் சுற்றுங்கள். இருபது, இருபத்தைந்து இழைகளை ஒன்றாகச் சேர்த்து, முறுக்கு விழாமல் பட்டையாகப் பிடித்துச் சுற்றினால் இடைவெளியும் தெரியாது, வேலையும் ஓடும். பசை ஆரம்பத்திலும் முடிவிலும் வளையலின் உட்புறத்தில் மட்டும் போதும். வெளியே பட்டால் நூலின் மினுமினுப்பு செத்துக் கறை தெரியும். இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாள் கல் ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டிய கல்தான் முதல் விசேஷத்திலேயே விழுகிறது.

கேள்வி: ஆர்டர் கொடுத்தவர்கள் “சைஸ் சரியில்லை, கலர் சேரவில்லை” என்று திருப்பி அனுப்புகிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

பதில்: வளையல் சைஸில் 2.4 என்பது தசமம் அல்ல, இரண்டே காலங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. உள்விட்டம் 2.4-க்கு 57 மி.மீ., 2.6-க்கு 60, 2.8-க்கு 63.5. அவர்களிடம் இருக்கும் வளையலை ஸ்கேலில் வைத்து உள்விட்டத்தை மி.மீட்டரில் சொல்லச் சொல்லுங்கள். நூல் சுற்றியதும் உள்வட்டம் சற்றுக் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. நிறத்துக்கு போன் படத்தை நம்பவே வேண்டாம். பிளவுஸ் துணியில் ஒரு துண்டு வாங்குங்கள். அளவும் நிறமும் சொல்லிச் செய்யும் ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணம்.

கேள்வி: டெரகோட்டா ஜிமிக்கி சுடும்போது வெடிக்கிறது. தப்பியதிலும் சில கறுத்துப் போகிறது.
– வாசகர், விருத்தாசலம்

பதில்: வெடிப்புக்குக் காரணம் ஈரம், அல்லது மண்ணுக்குள் அடைபட்ட காற்று. மண்ணை நன்றாக அழுத்திப் பிசைந்து, நடுவில் அறுத்துப் பார்த்து, ஓட்டை இல்லையென்றால் மட்டும் உருவம் செய்யுங்கள். நிழலில் ஒரு வாரம் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்புறம் முதலில் சுருங்கி விரிசல் விடும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும் துண்டு இன்னும் காயவில்லை. சூட்டையும் மெதுவாக ஏற்றுங்கள். கறுப்பது காற்று போதாததால். உமியையும் வறட்டியையும் நெருக்கி மூடிவிடுகிறீர்கள். கறுத்ததை நல்ல காற்றோட்டத்தில் திரும்பச் சுட்டால் சிவக்கும். கறுப்பே அழகாக வந்திருந்தால் அப்படியே விற்கலாம், அதற்கும் ஆள் உண்டு.

கேள்வி: என் கம்மலைப் போட்டால் காது அரிக்கிறதாம்.
– வாசகி, தேனி

பதில்: பெரும்பாலும் கொக்கியில் உள்ள நிக்கல்தான். கொக்கியில் நகப்பூச்சு தடவினால் அது சில நாளில் தேய்ந்துவிடும். சர்ஜிக்கல் ஸ்டீல் அல்லது 925 (அதாவது 92.5 சதவீத) வெள்ளிக் கொக்கி மாட்டி, கூடுதல் செலவை விலையில் சேருங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?
– வாசகி, சேலம்

பதில்: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகத் தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள். கைவினைப் பொருளுக்குத் தனி விலக்கு உண்டு, நிபந்தனைகளும் உண்டு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.