பெட்டிப் படத்தை ஓரமாக வையுங்கள்

கேள்வி: பிளாஸ்டிக் விமான மாடல்கள் செய்வது என் பொழுதுபோக்கு. கடைசியாக, இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை 1/72 அளவில் (அசலில் 72-ல் ஒரு பங்கு) செய்தேன். பெட்டியில் இருந்த படம் மாதிரியே அச்சு அசலாக வந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் "எங்கே வாங்கினாய்?" என்றுதான் கேட்கிறார்கள். என் கைவேலை என்று தெரிய என்ன செய்யலாம்? விமானத்தில் என் பாட்டியின் பெயரை எழுதினால் தப்பா? – வாசகர், திருப்பூர்

பதில்: சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் அப்படிக் கேட்கிறார்கள். அடுத்த முறை பொதுவாக ஒரு ஸ்பிட்ஃபயர் என்று தொடங்காமல், எந்த விமானம், அதன் எந்த நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

1940 கோடையில் இங்கிலாந்தில் பறந்த மார்க் 1 (ஸ்பிட்ஃபயரின் முதல் ரகம்) என்று வைத்துக்கொள்வோம். இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். தூசியும் ஈரமும் புகாமல் அவற்றின் வாயில் துணி ஒட்டியிருப்பார்கள். பல படங்களில் சிவப்பாகக் காட்டுவது அதைத்தான். கிளம்பக் காத்திருக்கும் விமானத்தில் துணி முழுசாக இருக்கும். சண்டை முடிந்து இறங்கியதில் கிழிந்திருக்கும். இறக்கையின் அடியில் புகைக்கறை பின்பக்கமாக இழுபட்டிருக்கும். கறுப்பு பாஸ்டல் சாக்பீஸைச் சுரண்டிப் பொடியாக்கி, மெல்லிய பிரஷ்ஷால் முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு. அப்புறம் மேட் வார்னிஷ்.

விமானி ஏறும் கதவு இடப்பக்கம். ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் பூட்ஸ் பட்டுப் பெயின்ட் அதிகம் தேயும். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரில் ஒரு துணுக்கைக் கிள்ளி, வெள்ளிப் பெயின்ட்டில் தொட்டு, காகிதத்தில் நன்றாக ஒற்றிவிட்டு அங்கே லேசாகத் தட்டுங்கள். வலப்பக்கம் அவ்வளவு வேண்டாம். தயவுசெய்து துரு நிறம் பூசாதீர்கள்! உடல் அலுமினியம், துருப்பிடிக்காது. போட்டிகளில் சேற்றில் புரண்டு எழுந்த மாதிரி வரும் விமானங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 1940-ல் பல விமானங்கள் சில வாரங்களே பறந்தன. அவ்வளவு அழுக்கு சேர நேரம் ஏது?

நிறுத்தி வைத்த விமானம் என்றால் வாலில் உள்ள எலிவேட்டர்களை (விமானத்தை மேலும் கீழும் திருப்பும் அசையும் பட்டைகள்) வெட்டி, சற்றுக் கீழே தொங்குவதுபோல் ஒட்டுங்கள். பத்து நிமிட வேலை.

சரி, பாட்டி பெயர். தாராளமாக எழுதுங்கள், முன்னுதாரணமே இருக்கிறது. போர்க்காலத்தில் விமானம் வாங்க மக்களிடம் திரட்டிய ஸ்பிட்ஃபயர் நிதிக்கு 5,000 பவுண்டு கொடுத்தால், கொடுத்தவர் விரும்பிய பெயரை விமானத்தின் பக்கவாட்டில் எழுதினார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 234-வது ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவு) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் இருந்தது. 1940-ல் அது ஸ்பிட்ஃபயர்தான் ஓட்டியது. அந்தப் பிரிவின் அடையாளமான 'ஏஇசட்' (AZ) எழுத்துகளைப் போட்டு, காக்பிட்டுக்கு முன்னால் பாட்டி பெயரைச் சின்னதாக மஞ்சளில் வையுங்கள். கையால் எழுத வராது. வீட்டு பிரின்டரில் டீக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர் தாள்) அச்சடித்தாலும் மஞ்சள் மை கரும்பச்சை மேல் தெரியாது. மஞ்சள் எழுத்துகளாகவே விற்கும் டீக்கால் வாங்கி, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுங்கள்.