தழும்பில்லாமல் ஆறியும் சொரியாசிஸ் அதே இடத்தில் ஏன் வருகிறது?

கேள்வி: அம்மா பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிறவர். முழங்கையிலும் முழங்காலிலும் சொரியாசிஸ். களிம்பு போட்டால் தோல் சுத்தமாகிவிடுகிறது. நிறுத்தினால் அச்சு மாறாமல் அதே இடத்தில் வருகிறது. கரப்பான் என்று சொல்லிக் கருவாட்டையும் நிறுத்திப் பார்த்தோம்.

பதில்: முதலில் அம்மாவுக்குக் கருவாட்டைத் திருப்பிக் கொடுங்கள், அதன் மேல் குற்றமில்லை.

நோய் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் மட்டும் ஓடுபவை அல்ல. அவற்றில் ஒரு வகையான டி செல்கள் தோலுக்குள் மட்டும் சுமார் 2,000 கோடி இருப்பதாகக் கணக்கு. ரத்தத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒருமுறை கிருமியைப் பார்த்த இடத்திலேயே சில டி செல்கள் தங்கிக் காவல் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். சொரியாசிஸில் கிருமி இல்லாமலே இந்தக் காவல்காரர்கள் கூச்சல் போடுகிறார்கள். அவர்கள் விடும் இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞைப் புரதம் தோலை அவசரப்படுத்துகிறது. மேலே வர ஒரு மாதம் எடுக்கும் தோல் அணு நாலைந்து நாளில் அரைவேக்காடாக வந்து, வெள்ளிச் செதிலாக உதிர்கிறது.

களிம்பு அவர்களை அடக்கும், வெளியேற்றாது. அலை வந்து போனதும் மணல் வழவழப்பாகத்தான் தெரியும். நண்டு வளைக்குள்ளேதான் இருக்கும். இன்டர்லூகின்-17ஐத் தடுக்கும் விலை கூடிய ஊசிகளை நிறுத்தினாலும் பலருக்குத் திரும்பி வருவது இதனால்தான்.

ஆகவே தோல் சுத்தமானதும் களிம்பைத் தூக்கிப் போடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் பழைய இடத்தில் மட்டும் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். நிறுத்தியதும் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பிப் படுக்க வைத்துவிடலாம்.

இன்னொன்று, சிராய்ப்பு. பாறை கீறிய கோட்டிலேயே புதுப் படை வரிசையாக எழும்பலாம். 1870களிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதிவைத்தார். பாசி எடுக்க விரலில் துணி சுற்றுகிறார்களே, அதுபோல முழங்கையையும் முழங்காலையும் மூடும் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போடட்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவட்டும். இந்த நோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளாது, கூட வருகிற பெண்களுக்கும் சொல்லுங்கள்.

காலையில் விரல் மடங்காமல் விறைக்கிறதா, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மூட்டையும் பிடித்திருக்கலாம். பாசி சீசன் முடியட்டும் என்று காத்திராமல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.