தம்பிக்கு நரம்பு வேறு வழியால் போகிறதென்றால் சத்திரசிகிச்சை ஆபத்தா?

உங்கள் கேள்வி எனக்கு விளங்கியது இப்படி: பரந்தனில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்து மூன்று மாதம். தம்பிக்கு வலது தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் முடியவில்லை, விரல்கள் மட்டும் அசைகின்றன. "சிலருக்கு நரம்பு வேறு வழியால் போகும், திறந்து பார்த்துத்தான் முடிவெடுப்பேன்" என்று கொழும்பில் பார்த்த நிபுணர் சொன்னதும் அம்மா பயந்துவிட்டா. இப்போது முறிவு நெரிவு எண்ணெய்க் கட்டுக்குக் கூட்டிப்போக நினைக்கிறா.

பிள்ளை, பயப்பட வேண்டியது நரம்பு போகிற வழிக்கு அல்ல, நாள் போவதற்குத்தான். வன்னியில் பிசியோதெரபிப் பகுதியில் வேலை செய்கிறவன் என்றபடியால் இதை அழுத்திச் சொல்கிறேன். கை நன்றாக வந்திருக்கக்கூடிய இளம் பிள்ளைகள் ஒரு வருடம் கழித்து எங்களிடம் வருவதைப் பார்க்க மனம் தாங்குவதில்லை.

முள்ளந்தண்டிலிருந்து வெளிவருகிற நரம்பு வேர்களுக்கு இலக்கம் உண்டு. கழுத்தில் சி5 தொடங்கி சி8 வரைக்கும், அதோடு மார்பின் டி1 உம் சேர்ந்து ஐந்து வேர்கள் பின்னிப் பிரிந்துதான் கை முழுவதற்கும் நரம்பு போகிறது. சிலருக்கு மேலே சி4 இலிருந்தும், வேறு சிலருக்குக் கீழே டி2 இலிருந்தும் பெரிய கிளை வந்து சேரும். முழங்கையை மடக்கும் தசைகளுக்குப் போகிற மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு வழக்கமாக மேற்கையின் உட்பக்கத்துச் சின்னத் தசையொன்றைத் துளைத்துக்கொண்டு இறங்கும். சிலருக்குத் துளைக்காமலே இறங்கும். சிலருக்கு, முன்கைக்கும் விரல்களுக்கும் போகிற மீடியன் நரம்போடு கிளை விட்டு இணையும். மிகச் சிலருக்கு அந்த நரம்பே இராது, மீடியன்தான் அதன் வேலையையும் பார்க்கும். இது வருத்தமோ குறைபாடோ இல்லை. அப்படிப்பட்டவர்களும் நெல்மூட்டை தூக்குகிறார்கள், ஆயுள் முழுக்க யாருக்கும் தெரியவராது.

ஆனால் சத்திரசிகிச்சை செய்பவருக்கு இது தெரிந்தாக வேண்டும். தோளும் முழங்கையும் போய் விரல் மட்டும் வேலை செய்தால், பெரும்பாலும் சி5, சி6 வேர்களில்தான் அடி. இப்படியான கைக்கு 1994 இல் ஒபேர்லின் என்ற பிரெஞ்சு நிபுணர் ஒரு வழி காட்டினார். சின்னவிரல் பக்கமாகப் போகிற, நன்றாக இருக்கும் அல்னார் நரம்பிலிருந்து ஓர் இழையை மட்டும் பிரித்து, மேற்கையின் முன்தசைக்குப் போகிற கிளையில் இணைப்பது. கையின் பிடி இதனால் பெரும்பாலும் குறையாது. அந்தக் கிளை வழக்கமான இடத்தில் இல்லாவிட்டால், அது மீடியனிலிருந்து வருகிறதா என்று தேட வேண்டும். நரம்பைச் சின்ன மின்தூண்டலால் தொட்டு, எந்தத் தசை துடிக்கிறது என்று பார்த்துத்தான் இழையைத் தெரிவு செய்வார்கள். அதற்காகவே மயக்க மருந்து கொடுப்பவரும் தசையை நெடுநேரம் தளர்த்தி வைக்கிற மருந்தைத் தவிர்ப்பார். ஆகவே "திறந்து பார்த்துத்தான்" என்று சொன்ன நிபுணரை நம்புங்கள். அது கைவராத பேச்சு இல்லை, கவனமான பேச்சு.

இனி நாள் கணக்கு. நரம்பு வளர்வது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். கழுத்தில் ஒட்டினால் முன்தசைக்கு வந்துசேரவே பல மாதம் எடுக்கும். நரம்பில்லாத தசையோ 12 முதல் 18 மாதத்துக்குள் திரும்ப வேலை செய்யும் தன்மையை இழந்துவிடும். தசைக்குக் கிட்டவே இணைக்கிற ஒபேர்லின் முறையின் பெறுமதி இங்கேதான். இப்படியான காயத்துக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் செய்வது நல்லது. தம்பி இப்போது சரியான காலத்தில் நிற்கிறார். வேர் முள்ளந்தண்டிலிருந்தே பிடுங்குப்பட்டிருந்தால் அது தானாக வராது. எண்ணெய்க் கட்டு எலும்பு முறிவுக்கு ஆறுதலாக இருக்கலாம், பிடுங்குப்பட்ட வேரை அது ஒட்டாது. அம்மாவை மரியாதையோடு உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

எங்கள் இடத்துக்கே உரிய விடயம் ஒன்று. தம்பியின் உடம்பில் யுத்தகாலச் செல் துண்டோ சன்னமோ இருந்தால், எம்ஆர்ஐ எடுக்க முன்னமே கட்டாயம் சொல்லுங்கள். காந்தத்துக்கு அசையும் இரும்பு கண்ணுக்கோ இரத்தக்குழாய்க்கோ கிட்ட இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இதை வாசிக்கிற, 2009 இல் கையில் காயப்பட்ட அண்ணன்மார் அக்காமாருக்கும் சொல்கிறேன்: நரம்பை ஒட்டுகிற காலம் போயிருக்கலாம், ஆனால் மணிக்கட்டு தொங்கினால் வேலை செய்கிற தசையின் நாணை மாற்றிக் கட்டும் சத்திரசிகிச்சை வருடங்கள் கழித்தும் செய்யலாம். மூட்டு இறுகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் தம்பியின் தோள், முழங்கை, விரல் எல்லா மூட்டையும் தினமும் மற்றக் கையால் மெதுவாக முழுத்தூரம் அசைக்கச் சொல்லுங்கள். தோள் கீழே இழுபடாமல் நடக்கும்போது கைத்தூக்கு போடட்டும். உணர்ச்சி குறைந்த இடத்தில் தேத்தண்ணி, வெயிலில் காய்ந்த பெற்றோல் டாங்கி எல்லாம் சுடும், தெரியாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு, முழங்கையை மடக்க நினைக்கும்போது விரலைப் பொத்தி மணிக்கட்டையும் மடக்கச் சொல்லித்தான் பழக்குவோம், ஏனென்றால் அந்த இழையின் பழைய வேலை அதுதான். சில மாதம் பழகினால் அந்த யோசனை இல்லாமலே முழங்கை மடங்கும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, தசை மின்பரிசோதனை அறிக்கையையும் விபத்து நடந்த திகதியையும் கையோடு கொண்டுபோய், சத்திரசிகிச்சைத் திகதியைக் கேட்டு வாங்குங்கள்.