ஆற்றங்கரை ஏன் இடிகிறது, எப்படி நிறுத்துவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கரை அரிப்பு பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் டெல்டாப் பக்கத்திலிருந்து வந்தவை. அதனால் கொள்ளிடம், காவிரி, வெண்ணாற்று மண்ணை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: கொள்ளிடக் கரையோரம் வாழை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை உள்ளே உள்ளே வருகிறது. நாலு லோடு கருங்கல் கொட்டினால் நிற்குமா?

மேலேயிருந்து சும்மா கொட்டினால் நிற்காது. உங்கள் நிலம் ஆற்று வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கேதான் ஓட்டம் வேகமாக மோதிக் கரையின் காலடியைக் குடையும், அடிமண் போனதும் மேல்மண் பாளம் பாளமாக விழும். நாம் விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு அங்கேயே கல்லைக் கொட்டுகிறோம், அடுத்த வெள்ளத்தில் கல்லும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில், 1928இல் கட்டியது, தூண்கள் சாய்ந்ததும் அடிமண் போனதால்தான். கோடையில் ஆறு வற்றியதும் கரையடியில் படுகை மட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டிப் பெரிய கற்களை அங்கே முதலில் போடுங்கள். பிறகு செங்குத்தாக நிற்கும் கரையை ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி சரிவு வருகிற மாதிரி வெட்டி, சரளை பரப்பி, அதன்மேல் கல் பதியுங்கள். சரளையை விட்டுவிட்டால் கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் மண்ணை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆறு புறம்போக்கு என்பதால், வேலையைத் தொடங்குமுன் நீர்வளத் துறைப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கான்கிரீட் சுவர் கட்டிவிட்டால் ஒரே செலவோடு முடியுமே?

முடியாது. வழவழப்பான சுவரில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடி, சுவர் முடிகிற இடத்தில் அடுத்தவர் நிலத்தைக் கிழிக்கும். கட்டியே ஆகவேண்டும் என்றால் கம்பி வலைக் கூடையில் கல் அடுக்குங்கள், படுகை கொஞ்சம் இறங்கினாலும் அது வளைந்து கொடுக்கும்.

கேள்வி: வெள்ளம் வரும்போது நின்ற கரை, வடிந்த மறுநாள் சரிகிறதே, ஏன்?

நல்ல கேள்வி. வெள்ளத்தில் கரை முழுக்க ஊறிக் கனத்திருக்கும், ஆனால் ஆற்றுத் தண்ணீர் எதிர்ப்பக்கமிருந்து அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். தண்ணீர் சட்டென்று இறங்கியதும் அந்தத் தாங்கல் போய்விடுகிறது, உள்ளே ஊறிய நீரும் வெளியே வரத் தள்ளுகிறது. அதனால் தண்ணீர் வடிந்த சில நாட்களுக்குக் கரைமேல் டிராக்டர் ஓட்டாதீர்கள், மாடும் கட்டவேண்டாம்.

கேள்வி: போன ஆடியில் வெட்டிவேர் நட்டேன். எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது, அண்ணா. வெட்டிவேர் சும்மா பேச்சுதானா?

இல்லை தம்பி, நட்ட மாதம்தான் தப்பு. மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, ஆடியில் ஆறு நிறைந்துவிடும், வேர் பிடிக்க அவகாசமே இல்லை. மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கிற தை, மாசியில் நடுங்கள், வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுங்கள், ஆடு கடிக்காமல் முள் வையுங்கள். தூர்களை நாலைந்து அங்குல இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, கரை நீளத்துக்கும் நட வேண்டும். நல்ல மண்ணில் முதல் வருடமே வேர் பத்து அடிக்கும் கீழே போகும். மரநிழலில் அது தேறாது. ஒரு முக்கியமான விஷயம், கரைக்கு நட்ட வெட்டிவேரை விலை வருகிறதே என்று தோண்டி விற்றுவிடாதீர்கள், தோண்டினால் கரையையே பிளந்த மாதிரி.

கேள்வி: கரையில் என்ன மரம் வைக்கலாம்? தென்னை வைத்தால் வருமானமும் வருமே?

விளிம்பில் தென்னை வேண்டாம், அடியில் மண் போனால் மரம் தன் கனத்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். தண்ணீரை ஒட்டி நாணல், அதற்கு மேலே நொச்சி, இன்னும் தள்ளி நீர்மருது, புங்கன், மூங்கில். அப்புறம், ஏற்கெனவே நிற்கிற நாணலைச் சுத்தம் செய்கிறேன் என்று ஜேசிபி விட்டு வழிக்கிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சீமைக்கருவேலம் இருந்தால்கூடக் கரைச்சரிவில் வேரோடு பிடுங்காமல் தரைமட்டமாக அறுத்துவிட்டுப் பக்கத்தில் நொச்சியை ஊன்றுங்கள்.

கேள்வி: இப்போதே கரை உடைகிற மாதிரி இருக்கிறது. அவசரத்துக்கு என்ன செய்வது?

சவுக்குக் கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அதற்குப் பின்னால் மணல் மூட்டைகளைச் செங்கல் அடுக்குவது போல இணைப்பு மாற்றி அடுக்குங்கள். மூட்டையை முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். ஆள் இறங்குவதென்றால் இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றைக் கரையில் இரண்டு பேர் பிடித்திருக்கட்டும். ஊருக்குள் சொல்லி, துறைக்கும் உடனே போன் போட்டுவிடுங்கள்.