ஒரு பாட்டோட குரலைப் பிரிச்செடுத்து வேற பாட்டோட இன்ஸ்ட்ருமென்டல் (குரல் இல்லாத இசை) மேல வச்சு மாஷ்அப் பண்றப்ப, முதல் நிமிஷம் ஓகே, அப்புறம் குரல் பீட்டை விட்டு நழுவுதுன்னா

கீ (சுருதி) மேட்டர் இல்ல இது, பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கிற நம்பர்ல, இருக்கிற தசமம்தான் பிரச்சனை. குரல், இசை ரெண்டுக்கும் 92னு போட்டிருக்கீங்கன்னு வைங்க, ஆனா ஒண்ணு நிஜத்துல 92.5ஆ இருந்தா ஒரு நிமிஷத்துல சரியா அரை பீட் தள்ளிடும், நீங்க சொல்ற மாதிரியேதான் கேக்கும்.

பிரிச்செடுத்த வோக்கல்ல டெம்போ (பாட்டோட வேகம்) கண்டுபிடிக்காதீங்க, அதுல டிரம்ஸே இல்லையே, சாஃப்ட்வேர் குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்லும். குரல் எடுத்த முழுப் பாட்டை ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டு, ஜெனரேட் மெனுல ரிதம் டிராக் (டிக் டிக்னு பீட் மட்டும் வர்ற டிராக்) ஒண்ணு அதே பிபிஎம்ல உருவாக்கி முதல் பீட்டோட ஒட்டி வச்சு, கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பாருங்க.

1. ஒரே பக்கமா சீரா விலகிட்டே போனா ரெண்டும் ஒட்டி வர்ற வரைக்கும் தசமத்தை மாத்துங்க, அப்புறம் அந்த நம்பரை வச்சு வோக்கலுக்கு சேஞ்ச் டெம்போ எஃபெக்ட் போடுங்க. சேஞ்ச் ஸ்பீட் பக்கமே போகாதீங்க, சுருதியும் சேந்து மாறிடும்.

2. ஒரு இடத்துல முந்தி இன்னொரு இடத்துல பிந்தினா அது கிளிக் (தாளம் காட்டுற மெட்ரோனோம் சத்தம்) இல்லாம லைவா வாசிச்ச பாட்டு. பழைய பாட்டுல பாதி இப்படித்தான். வரி வரியா வெட்டி ஒட்டணும், இல்ல ஏபிள்டன்ங்கிற மியூசிக் சாஃப்ட்வேர்ல வார்ப் மார்க்கர் வச்சு ஒவ்வொரு இடத்தையும் பீட்டோட இழுத்து ஒட்டணும். பொறுமை வேணும் சாமி.

ஆனா ஒண்ணு, டெம்போவைப் பத்து சதவீதத்துக்கு மேல இழுத்தா குரல் தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிடும், அதுலயும் பிரிச்செடுத்த வோக்கல்னா இன்னும் மோசம். அப்போ வேற இன்ஸ்ட்ருமென்டல் தேடுறதுதான் நல்லது.